பள்ளத்தில் உட்கார்ந்த புத்தர்

நவமணி மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு ரொம்ப எளிமையானது. கோலகுபு என்பது வெள்ளத்துக்குப் பயந்து இடம் மாறிப்போன ஊர். ஊரே மாறியபோது ஊர்ச்சாமியும் கூடவே மாறியிருக்கும். அப்படி மாறிவந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சாமியைத் தன் புருஷன் சன்னாசி ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் போதும். தோட்டத்து மாரியம்மனையும் பெயர்த்துக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடும். வந்துவிட்டால் ரவாங் டவுனில் கிடைத்திருக்கிற வீட்டுக்குக் குடிபோகலாம்.

இந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மருமகன் சேதுவிடம், பழைய புத்தர் கோயில் ஒன்று இருக்கிறதாமே, ஒருநாள் கூட்டிக்கொண்டு போயேன் என்று மட்டும் சொன்னாள். சேது ரவாங்கில் சிமெண்டு லோரி ஓட்டுகிறவன். அந்தப் பக்கம் அடிக்கடி சரக்கு இறக்கப் போவான். ஊர் மாறிய கதையையும் கோயில் இருக்கிற கதையையும் அவளுக்குச் சொன்னதே அவன்தான். ஆனால் அவன் சொன்னது பாதி. மீதியை அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ரவாங்கில் இரண்டு அறை கொண்ட மலிவு விலை வீடு ஒன்று அவர்கள் பெயருக்கு விழுந்திருந்தது. மாதக் கடைசிக்குள் குடியேறாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். மகள் திலகம் இருக்கிற வீட்டிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். திலகத்துக்கு இது ஏழாவது மாசம், தலைப்பிரசவம். இந்தப் பக்கம், ஈஜோக் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, அவர்கள் குடியிருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் மூன்றில்தான் அடுப்பு எரிந்தது. மற்ற வீடுகளின் கதவுகளைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

சன்னாசி மருந்தடிக்கிற கூட்டத்தை மேற்பார்க்கிற மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பண்டாரம் தோட்டத்தை விட்டுப் போன நாளிலிருந்து மாரியம்மனுக்கு விளக்கு ஏற்றுவது அவர்தான். அம்மனை விட்டுவிட்டு வர முடியாது என்றார். சரி, அம்மனையும் கொண்டுபோகலாம் என்றால், உத்தரவு இல்லாமல் கல்லில் கை வைக்க முடியாது என்றார். உத்தரவு கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வைத்து, வித்தியாசம் தெரியாமல் ஒரே மாதிரி மடித்து, அம்மன் காலடியில் போட வேண்டும். விவரம் தெரியாத யாராவது ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி; சிவப்பு வந்தால் வேண்டாம். அரை மணி நேர வேலை. அதைத்தான் சன்னாசி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முதலில் ஆடி முடியட்டும் என்றார். பிறகு தீபாவளி போகட்டும் என்றார். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார்.

பயம் என்று நவமணிக்குத் தெரியும். வெள்ளை வந்தால், தன் அப்பா நட்ட கல்லைத் தன் கையாலேயே கடப்பாறை போட்டு நெம்ப வேண்டும். சிவப்பு வந்தால், பெண்டாட்டி முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டும். கேட்காதவரை இரண்டும் இல்லை. அவர் நினைப்பது அவளுக்குப் புரிந்தது. அதனாலேயே சண்டை போடவும் முடியவில்லை.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சேதுவின் பழைய டட்சனில் மூன்று பேரும் கிளம்பினார்கள். ரவாங் வந்து, வடக்கே செரண்டா, பத்தாங் காலி, ராசா என்று ரயில் பாதையை ஒட்டியே ரோடு போனது. முன் சீட்டில் சன்னாசி சந்தோஷமாக இருந்தார். கியர் மாற்றும்போது ஏன் கடமுட என்கிறது என்று கேட்டார். கிளச்சு தட்டு தேய்ந்திருக்கும் என்று அவரே பதிலும் சொன்னார். இந்தக் காரை ஓட்டுவதற்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டே போயிருந்தால் இந்நேரம் சேர்ந்திருக்கலாம் என்று மருமகனைச் சீண்டினார். மாமா இறங்கித் தள்ளினால் பெட்ரோலாவது மிச்சம் என்றான் சேது. நவமணி பின்னால் உட்கார்ந்து, மடியில் வெற்றிலை, பழம், தேங்காய் வைத்த கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தச் சாமியானாலும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவள் எண்ணம்.

அம்பாங் பெச்சாவில் காரை நிறுத்தினான் சேது. நவமணி எதிர்பார்த்த மாதிரி புதுக்கடைகளோ தெருக்களோ அங்கே இல்லை. மரங்கள், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள் சில, எங்கோ ஆற்றுச் சத்தம். புது ஊர் எங்கே என்று கேட்டாள்.

“புது ஊரு அந்தப் பக்கம் அத்தை, கோலகுபு பாரு. பாருன்னா மலாய்ல புதுசு. இது பழைய ஊரு,” என்றான் சேது. “இங்கதான் எல்லாம் பொதஞ்சி கெடக்கு.”

அவள் கூடையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

புதைந்து கிடக்கிறது என்று சேது சொன்னது வாய்ப்பேச்சுக்கு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ஒரு பழைய அணை உடைந்தது. அம்பாங் பெச்சா என்ற பெயருக்கே மலாயில் உடைந்த அணை என்றுதான் அர்த்தம். அணை உடைந்தது ஒரே ஒரு நாள் கூத்து. ஊரை விழுங்கியது அதற்குப் பிறகு வந்த மண். மலையில் ஈயம் தோண்டியவர்கள் மண்ணைக் கழுவிக் கழுவி ஆற்றில் விட்டார்கள். ஓடுகிற தண்ணீருக்கு மண்ணைத் தூக்கிவரும் தெம்பு உண்டு. சமதரைக்கு வந்ததும் வேகம் குறையும், தெம்பு போகும், தூக்கி வந்ததை அங்கேயே போட்டுவிடும். அப்படியே ஆற்றின் அடிமட்டம் ஏறியது. அடி ஏறினால் தண்ணீர் கரை தாண்டும். கரை தாண்டி ஊருக்குள் வந்த வெள்ளம் ஒவ்வொரு தடவையும் ஒரு படுகை மண்ணை விட்டுவிட்டுப் போனது. வாசற்படி தரையானது, ஜன்னல் வாசற்படியானது. கடைசியில் அரசாங்கமே மேட்டில் ஒரு புது ஊரைக் கட்டி எல்லாரையும் அங்கே போகச் சொல்லிவிட்டது.

கோயில் மட்டும் போகவில்லை. அது மூங்கில் புதருக்குப் பின்னால் குட்டையாக உட்கார்ந்திருந்தது. சிவப்பு ஓட்டுக் கூரையில் பாசி ஏறியிருந்தது. உள்ளே நுழைந்ததும் சன்னாசி சாமியைத் தேடாமல் தூணைத்தான் முதலில் பார்த்தார். ஒவ்வொரு மரத்தூணுக்கு அடியிலும் உரல் மாதிரி கல் இருந்தது. தரையிலிருந்து தெரிந்த கல் ஒரு நிறம். அதற்கு மேலே வேறு நிறத்தில் இன்னொன்று. அதற்கும் மேலே மஞ்சளாக ஒன்று. மூன்று கல் அடுக்கு, அதற்கு மேலே மரம். அவர் குனிந்து கல்லும் மரமும் சேருகிற இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“ஆணி இல்ல அண்ணே,” என்று தமிழில் ஒரு குரல் கேட்டது.

கையில் துடைப்பத்தோடு ஒரு சீன அம்மாள் நின்றாள். அறுபது வயது இருக்கும். கறுப்புக் கால்சட்டை, பூப்போட்ட சட்டை. பெயர் ஆ கிம் என்றாள். சின்ன வயதில் ராசா பக்கத்துத் தோட்டமொன்றில் தமிழ் ஆட்களோடு ரப்பர் மர நிரையில் நின்று பால் வெட்டியவளாம். அந்தப் பழக்கத்தில் வந்த தமிழ் இது. இப்போது கோயிலைப் பார்த்துக்கொள்வது அவள்தான். நவமணியின் கூடையைக் கண்டதும், தேங்காயை உடைக்காமல் வைக்கலாம், இங்கே உடைக்கிற வழக்கம் இல்லை என்று சொல்லி, அதை வாங்கிக்கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள்.

தூண்களைப் பற்றிச் சன்னாசி கேட்டபோது ஆ கிம்முக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தக் கோயிலின் தூண்கள் பூமியில் நட்டவை அல்ல. கல்மேல் சும்மா நிற்கின்றன. மேலே உத்தரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்பதாலும் ஓட்டின் பாரம் மேலிருந்து அழுத்துவதாலும் மொத்தமும் ஆடாமல் இருக்கிறது. பூமியில் ஒட்டாமல் நிற்கிற கட்டடத்தைத் தூக்க முடியும். மண் ஏறியபோதெல்லாம் ஆட்கள் வந்து, தூணுக்குத் தூண் கம்பால் நெம்பி, ஒரு விரற்கடை கிளப்பி ஆப்பு வைப்பார்கள். ஒரு தூணை மட்டும் அதிகமாகக் கிளப்பினால் கோப்பு கழன்றுவிடும். அதனால் எல்லாத் தூணையும் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கல் நுழைகிற அளவு இடைவெளி வந்ததும் புதுக்கல்லை உள்ளே தள்ளிவிடுவார்கள். அப்புறம் தரையை நிரப்பிக்கொள்ளலாம். மூன்று தடவை அப்படிச் செய்திருக்கிறார்கள்; அதுதான் மூன்று நிறம், ஆதிக் கல் தரைக்குள் போய்விட்டது.

“அப்போ சாமி?” என்று கேட்டார் சன்னாசி.

ஆ கிம் கையைக் காட்டினாள். நடுக்கூடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர் சதுரமாக ஓடியது. எட்டிப் பார்த்தால் உள்ளே படிகள் இறங்கின. அடியில், பழைய தரையில், பழைய தாமரைப் பீடத்தின் மேல் புத்தர் உட்கார்ந்திருந்தார். ஆளுயரத்தில் கொஞ்சம் குறைவு. பொன்பூச்சு மங்கிப் பழுப்பாகியிருந்தது. இடது கை மடியில் கிடந்தது. வலது கை முழங்காலைத் தாண்டி விரல் நுனியால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாகச் சாமியை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களுக்குக் குனிந்து பார்ப்பது விநோதமாக இருந்தது. மேலே கூரையிலிருந்து ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் நேராக அவர்மேல் விழும்படி வைத்திருந்தார்கள்.

ஆ கிம் பின்னால் வர, மூவரும் படியிறங்கினார்கள். கீழே குளிர்ச்சியாக இருந்தது. பெருமழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் ஊறுமாம். வாளியால் இறைத்து ஊற்றுவாளாம் ஆ கிம். சேது கும்பிட்டுவிட்டு மேலே போய்விட்டான். சன்னாசி தரையைத் தொடும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஒவ்வொரு தடவையும் கட்டடத்தைத் தூக்கினார்களே, இவரை ஏன் தூக்கவில்லை என்று கேட்டார்.

“கேட்டாங்க லா. வேணாம்னு சொல்லிட்டார்,” என்றாள் ஆ கிம். “மூணு தடவையும் கேட்டாங்க. அப்புறம் ஊரே போறப்ப, புது ஊருக்கு வர்றீங்களான்னு கேட்டாங்க. எங்க அப்பாவும் அந்தக் கூட்டத்துல இருந்தார். அதுக்கும் வேணாம்னுட்டார்.”

சன்னாசி நவமணியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தியா என்று அந்தப் பார்வை கேட்டது. ஜெயித்தவன் பார்வை இல்லை அது. பாரம் இறங்கியவன் பார்வை. ஊர் புதைந்தாலும் சாமி அசையவில்லை, அப்படியானால் தன் அம்மனும் அசைய மாட்டாள், தானும் அசைய வேண்டியதில்லை.

தானே கூட்டிவந்து தானே காட்டிக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள் நவமணி. வலி எடுத்தால் திலகம் யாரைக் கூப்பிடுவாள்? சேது லோரியில் ஈப்போவில் இருப்பான். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி படியேறினாள்.

மேலே கூரையிலிருந்து கூம்பு கூம்பாக ஊதுவத்திச் சுருள்கள் தொங்கின. மேலே கூர்மை, கீழே வர வர அகன்று, பெரிய மணி மாதிரி. சன்னாசி இப்போது நல்ல மனநிலையில் இருந்தார், அதையும் விசாரித்தார். ஆ கிம் ஒன்றை இறக்கிக் காட்டினாள். மரத்தூளைப் பசையோடு பிசைந்து, கயிறு மாதிரி நீளமாக இழுத்து, ஈரமாக இருக்கும்போதே தட்டையாகச் சுற்றிக் காயவைப்பார்கள். காய்ந்ததை நடுவில் பிடித்துத் தூக்கினால் மற்றச் சுற்றுகள் தம் பாரத்தாலேயே கீழே இறங்கிக் கூம்பாகிவிடும். ஒரு சுற்று இன்னொன்றைத் தொடாமல் தள்ளி நிற்கும். அதுதான் சூட்சுமம். தொட்டால் நெருப்பு குறுக்கே தாவிவிடும். தொடாததால் கடைசி நுனியில் வைத்த நெருப்பு வேறு வழியின்றி ஒவ்வொரு சுற்றாக நடந்தே மேலே போக வேண்டும். சுருளை நீட்டிப் பிடித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் எரியும்.

“இது பத்து நாளு தாங்கும்,” என்றாள் ஆ கிம். “நான் வாரத்துல ரெண்டு நாளுதான் வருவேன். மத்த நாளு இது பாத்துக்கும்.”

சன்னாசி நிமிர்ந்தார். “வருவேன்னா? நீங்க இங்க இல்லியா?”

“நான் புது ஊர்ல அண்ணே. சைக்கிள்ல வர்றேன்.”

“சாமி போகலன்னு சொன்னீங்க.”

“சாமி போகல. நாங்க போனோம்.” அதில் என்ன புரியவில்லை என்பதுபோல ஆ கிம் அவரைப் பார்த்தாள். “மொதல்ல கேட்டது, நீங்க வர்றீங்களான்னு. வரலன்னார். அப்புறம் இன்னொண்ணு கேட்டாங்க. நாங்க போலாமான்னு. போங்கன்னுட்டார்.”

அவள் சொல்லிவிட்டுச் சுருளைக் கொக்கியில் மாட்டப் போய்விட்டாள். சன்னாசி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். இந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னாலும் அது தன் பக்கம் இழுப்பதாகிவிடும், அவர் சுதாரித்துக்கொள்வார் என்று நவமணிக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் கழித்து அவர் ஆ கிம்மிடம் போய், எதை வைத்துக் கேட்பீர்கள் என்று விசாரித்தார். ஆ கிம் மேசையிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்து வந்தாள். ஒரு சாண்கூட இல்லை, உள்ளங்கையில் அடங்கும். மூன்றாம் பிறை மாதிரி வளைந்திருந்தன. ஒரு பக்கம் மழமழவென்று தட்டை, மறுபக்கம் மாங்கொட்டை மாதிரி உப்பல். பல தலைமுறைக் கைகள் பட்டுச் சிவப்புச் சாயம் பாதி போயிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கேள்வியை நினைத்து, தரையில் போட வேண்டும்.

சன்னாசிக்கு ஒரு தயக்கம். தன் அம்மன் சம்பந்தப்பட்ட விஷயத்தை இன்னொரு சாமியிடம் கேட்கலாமா? ஆ கிம் அதற்கும் பதில் வைத்திருந்தாள். அம்மன் விஷயத்தை அம்மனிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் சொந்த விஷயம் ஏதாவது இருந்தால் இவரிடம் கேட்கலாம். வெளியூர் ஆள் என்று இவர் பார்ப்பதில்லை.

அவர் யோசித்தார். பிறகு பள்ளத்துக்குள் இறங்கி, புத்தருக்கு முன்னால் மண்டியிட்டார். நவமணி பின்னால் படியில் நின்றாள். அவர் உதடு அசைந்தது அவளுக்குத் தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. துண்டுகளைப் போட்டார். கல்தரையில் அவை டக்டக்கென்று விழுந்து, உருண்டு, இரண்டும் தட்டைப் பக்கம் மேலே பார்த்தபடி கிடந்தன. உப்பிய முதுகு தரையில் இருந்ததால் சட்டென்று அடங்கவில்லை. முன்னும் பின்னுமாக ஆடின.

நவமணியின் கண்ணுக்கு அவை இரண்டு தேங்காய் மூடிகள். எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறாள்! சரிபாதியாக உடைந்து, இரண்டு மூடியும் வாய் மேலே பார்க்க விழுந்து, அப்படித்தான் ஆடும். அதைவிட நல்ல சகுனம் அவளுக்குத் தெரிந்து கிடையாது.

“குடுத்தாச்சுங்க,” என்றாள். “உத்தரவு குடுத்தாச்சு. பாருங்க, ரெண்டும் வாய் தொறந்து கெடக்கு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. எத்தனையோ மாதமாக உள்ளே அடுக்கி வைத்தது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அலமாரியைப் படுக்கைவாட்டில் ஏற்றினால் ஒரே நடையில் லோரியில் வந்துவிடும். கோழிகளைப் பக்கத்து வீட்டு நல்லசாமி சம்சாரம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மிக்கல்லை விட மனமில்லை, அதைச் சாக்கில் கட்டி சேது காலடியில் வைத்துவிடலாம். புது வீட்டு அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது. அங்கே தூளி கட்டக் கொக்கிகூட இருக்கிறது, போன தடவை திலகத்தோடு போனபோது இழுத்துப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருக்கிறது.

மேலிருந்து ஆ கிம்மின் சிரிப்பு கேட்டது.

“அக்கா, அது உத்தரவு இல்ல. ஒண்ணு தட்டை, ஒண்ணு முதுகு, அப்படி விழுந்தாதான் சரின்னு அர்த்தம். ரெண்டும் முதுகு காட்டினா வேணாம். இது ரெண்டும் இல்ல. சாமி சிரிக்கிறார்.”

துண்டுகள் அதற்குள் ஆட்டம் அடங்கிக் கிடந்தன. குலுங்கிக் குலுங்கி ஆடுவதால்தான் அதற்குச் சிரிப்பு என்று பெயர்.

நவமணிக்கு முகம் சிவந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் ஒரு வார்த்தை வெளியே விடாமல் காத்தது மொத்தமும் ஒரு நிமிஷத்தில் கொட்டிப்போயிற்று. சன்னாசி மரத்துண்டுகளைப் பார்க்கவில்லை. மண்டியிட்ட இடத்திலிருந்து திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூவில் சிவப்பு வந்தால் அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று மட்டும்தான் அவர் நினைத்திருந்தார். அவள் மனசால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்து, தூளி கட்டி, அடுப்பு மூட்டி, அவருக்காக அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

“சிரிச்சா என்ன அர்த்தம்?” என்று அவர் ஆ கிம்மிடம் கேட்டார்.

“கேள்வி நேரா இல்லன்னு அர்த்தம். இல்லாட்டி, பதிலைக் கையில வச்சிக்கிட்டே கேக்கறீங்கன்னு அர்த்தம். மறுபடி போடலாம் அண்ணே. மூணு தடவை போடலாம்.”

சன்னாசி துண்டுகளை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு படியேறி வந்து மேசையில் வைத்துவிட்டார்.

காரில் திரும்பும்போது கிளச்சு பற்றி யாரும் பேசவில்லை. பத்தாங் காலி தாண்டியதும் நவமணி தாங்கமாட்டாமல், அங்கே என்னதான் கேட்டீர்கள் என்றாள்.

“அம்மாகிட்ட பூ போட்டுக் கேக்கலாமான்னு கேட்டேன்,” என்றார். “கேக்கறதுக்கே ஒரு கேள்வி. சிரிக்காம என்ன பண்ணுவார்.”

சேது கண்ணாடியில் அத்தையைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சேதுவை அனுப்பிவிட்டுச் சன்னாசி குளித்தார். வேட்டி மாற்றிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனார். செம்பனை வரிசைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் அது. நவமணி பின்னாலேயே போனாள். கோயிலை ஒட்டி வெள்ளை அரளியும் செவ்வரளியும் பூத்திருந்தன. அவர் எதையும் பறிக்கவில்லை. விளக்கை ஏற்றினார். தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். எப்போதும் மந்திரமாக முணுமுணுக்கும் சொற்களை விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பேரட்டு முடிந்து தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் லீவு சொல்கிறவரைப் போல நேராக நின்று பேசினார்.

“அம்மா, உன்னைக் கெளப்பலாமான்னு நான் கேக்கல. நீ இங்கயே இரு. நானும் நவமணியும் ரவாங் போறோம். புள்ளைக்கு மாசமாச்சு. வெள்ளிக்கு வெள்ளி பஸ் ஏறி வந்து வெளக்கு வைப்பேன். நல்லசாமி இருக்கற வரைக்கும் மத்த நாளும் வெளிச்சம் இருக்கும். அவனும் போயிட்டா இருட்டுதான். அதை மறைச்சுச் சொல்ல மாட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடு.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

நவமணி கையைக் கூப்பியபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அந்தத் தகரக் கூரைக்கு அடியில் பல்லிகளுக்குப் பஞ்சமே இல்லை. இடது பக்கமிருந்து ஒன்று சொன்னாலும் அவர் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். வலது பக்கமிருந்து சொன்னால் இன்றைக்கே மூட்டை கட்டலாம். சூடம் எரிந்து எரிந்து சின்னதாகியது. வெளியே செம்பனை மட்டை ஒன்று காற்றில் உரசியது. அம்மன் நெற்றியிலிருந்த குங்குமம் அசையவில்லை. பல்லி எதுவும் சொல்லவில்லை.

சூடம் அணைந்தது.

“ஒண்ணும் சொல்லல,” என்றார் சன்னாசி.

அவர் கிளம்பத் திரும்பியபோது நவமணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இன்னும் கொஞ்சம் நில்லுங்க,” என்றாள். “அவசரப்படுத்தினோம்னு இருக்கக் கூடாது.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மறுபடியும் அம்மனைப் பார்த்து நின்றார். அவளும் பக்கத்தில் வந்து நின்றாள். விளக்குத் திரி மட்டும் மெல்லப் பொரிந்துகொண்டிருந்தது. கொசு கடித்தது, இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. கூரை இடுக்கில் தெரிந்த வானம் நீலமாகி, சாம்பலாகி, கடைசியில் விளக்கு வெளிச்சம் ஒன்றே வெளிச்சம் என்று ஆகும்வரை நின்றார்கள்.

சன்னாசி திருநீற்றை எடுத்துத் தானும் பூசிக்கொண்டு அவளுக்கும் கொடுத்தார்.

“வெள்ளிக்கெழம காலையில ரவாங்லேர்ந்து இந்தப் பக்கம் மொத பஸ் எத்தன மணிக்குன்னு மாப்பிள்ளய விசாரிக்கச் சொல்லணும்,” என்றார்.